மதுவும் மாணவரும்: சிங்கப்பூரில் உதவியின் வரலாறு



திருக்குறளில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். அதனை அடுத்துச் சூது 94ஆவதாகவும் மருந்து 95ஆவதாகவும் வருகின்றன. தமிழாசிரியர்களாகிய நாம் கள்ளுண்ணாமையை மாணவர்க்குப் பலமுறை எடுத்துரைத்திருப்போம். ஆயினும், இரண்டு அதிகாரங்கள் தள்ளி நிற்கும் மருந்தை அதனோடு சேர்த்துப் படிக்கும் வழக்கம் நம்மிடம் குறைவு. அந்த அதிகாரத்தின் இறுதிக் குறளில் வள்ளுவர், மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் என்னும் நான்கு உறுப்புகளை உடையது என்கிறார். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் மருத்துவம் முழுமை அடைவதில்லை.

"குடிக்காதே" என்று சொல்வதற்கு நம்மிடம் நூல் உண்டு, மரபு உண்டு. குடிக்கத் தொடங்கிவிட்ட மாணவன் "எனக்கு உதவி வேண்டும்" என்று சொல்ல நேர்ந்தால் அவன் எங்கே செல்வது? இக்கேள்விக்கு இன்று சிங்கப்பூரில் விடை உண்டு. அவ்விடை ஒரே நாளில் உருவானதன்று. நூறாண்டுகளுக்கு மேற்பட்ட அவ்வரலாற்றை வள்ளுவர் கூறிய நான்கு உறுப்புகளை மனத்திற்கொண்டு சுருக்கமாகக் காண்போம்.

வருவாயாக இருந்த போதை

சிங்கப்பூரில் ஆங்கிலேயர் குடியேற்றம் 1819இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே, அதாவது 1820இல், அப்போதைய நிர்வாகி வில்லியம் ஃபார்குவார் அபினையும் சாராயத்தையும் விற்கும் உரிமையை ஏலத்தில் விடும் குத்தகை முறையைக் கொண்டுவந்தார். துறைமுகத்தில் சுங்கவரி கிடையாது என்பதால் நகரை நடத்தப் பணம் வேண்டியிருந்தது. அப்பணம் கூலித் தொழிலாளரின் புகைக் குழாயிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் பல ஆண்டுகள் அரசின் வருவாயில் ஏறத்தாழப் பாதி அபினிலிருந்தே கிடைத்தது.

அந்த அபின் விளைந்தது இந்தியாவில். வங்காளத்திலும் காசிப் பகுதியிலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமையில் விளைவிக்கப்பட்டுக் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி வந்தது. 1910இல் குத்தகை முறை நீங்கி, அரசாங்கமே அபினைப் பக்குவப்படுத்தி விற்கத் தொடங்கியது. இன்று பாசிர் பாஞ்சாங்கில் நாம் மாணவர்களைப் போர் வரலாறு காட்ட அழைத்துச் செல்லும் புக்கிட் சாண்டு என்னும் குன்றின் பெயருக்கு 'அபின் குன்று' என்பதே பொருள்.

விற்பவரே ஆள்பவராகவும் இருந்த காலத்தில், போதைக்கு அடிமையானவர் அரசின் கண்ணுக்கு நோயாளியாகத் தெரியவில்லை, வாடிக்கையாளராகவே தெரிந்தார். வள்ளுவரின் முதல் உறுப்பான 'நோயாளி' என்பவரே அன்று ஏற்கப்படவில்லை எனலாம்.

மருத்துவர் வந்த கதை

மாற்றம் மருத்துவர்களிடமிருந்து தொடங்கியது. 1906ஆம் ஆண்டளவில் லிம் பூன் கெங், இன் சுவாட் சுவான் ஆகிய மருத்துவர்கள் அபின் எதிர்ப்பு இயக்கத்தை முன்னெடுத்தனர். பழக்கத்தை விட விரும்பியோர்க்குச் சிகிச்சை பெறும் இடமும் ஏற்பட்டது. அதற்கு முந்தைய ஆண்டான 1905இல்தான் சிங்கப்பூரின் முதல் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டிருந்தது. அப்பள்ளியிலிருந்து 1910இல் முதல் அணியாகப் பட்டம் பெற்ற எழுவரில் சென் சு லான் என்பவரும் ஒருவர். அவர் வாழ்நாள் முழுதும் அபினை எதிர்த்துப் பேசினார், எழுதினார். 1933இல் அபின் பழக்கத்திலிருந்து மீள விரும்புவோர்க்காகச் சிகிச்சை நிலையம் ஒன்றையும் தொடங்கினார்.

அரசாங்கம் அபினை விற்றுக்கொண்டிருந்த அதே நகரில், ஒரு மருத்துவர் கதவைத் திறந்து வைத்து "உள்ளே வாருங்கள்" என்று அழைத்தார் என்பதை நாம் மறத்தலாகாது. இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் 1946இல்தான் இங்கு அபின் முற்றிலுமாகத் தடை செய்யப்பட்டது.

நம்மவரும் கள்ளுக்கடையும்

சீனத் தொழிலாளர்க்கு அபின் எனில், தமிழ்த் தொழிலாளர்க்குக் கள். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களில் உரிமம் பெற்ற கள்ளுக்கடை, தொழிலாளர் குடியிருப்புக்கு அருகிலேயே இருந்தது. பகலெல்லாம் உழைத்துப் பெற்ற கூலி மாலையில் அங்கே கரைந்தது. சிங்கப்பூரிலும் தமிழ்த் தொழிலாளர் வாழ்வோடு கள்ளுக்கடை பின்னிக் கிடந்தது.

இதனை எதிர்த்தவர்கள் நம்மவரே. 1929ஆம் ஆண்டின் இறுதியில் தந்தை பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வருகை புரிந்தார். அவ்வருகை எழுப்பிய சீர்திருத்த உணர்வின் தொடர்ச்சியாக 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தோன்றியது, 1935இல் கோ. சாரங்கபாணி 'தமிழ் முரசு' இதழைத் தொடங்கினார். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்பதும் ஒன்று. 1947இல் கெடா மாநிலத்தில் 'தொண்டர் படை' என்னும் இளைஞர் அணியினர் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தனர்.

குடிப்பவரையே குறை கூறும் காலத்தில், குடியை விற்கும் முறையையும் கேள்வி கேட்ட இத்தொழிலாளர்கள் நம் பெருமைக்குரியோர். ஆயினும், இப்போராட்டங்கள் கடையை மூடக் கேட்டன. கடை மூடிய பின்னும் நடுங்கும் கையோடு நிற்பவனுக்கு என்ன வழி என்பதற்கு அவற்றிடம் விடையில்லை. அக்காலத்தில் உலகில் வேறெங்கும்கூட அதற்குத் தெளிவான விடை இருந்ததில்லை என்பதையும் சொல்லவேண்டும்.

தீவில் ஒரு சிகிச்சை நிலையம்

செயின்ட் ஜான்ஸ் தீவின் பெயரை நம் தாத்தா பாட்டிமார் அறிவர். கப்பலில் வந்த பயணிகளை நோய்த் தடுப்புக்காகத் தங்க வைத்த தீவு அது. தமிழகத்திலிருந்து வந்த எத்தனையோ பேர் சிங்கப்பூர் மண்ணில் கால் வைக்குமுன் அங்கே காத்திருந்தனர். அதே தீவில் 1955இல் அபின் சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டது. அபின் வழக்குகளில் தண்டிக்கப்பட்டவர்களைச் சிறைக்குப் பதிலாக அங்கே அனுப்பிச் சிகிச்சையும் தொழிற்பயிற்சியும் அளித்தனர்.

இதன் சிறப்பு என்னவெனில், போதைக்கு ஆட்பட்டவரை அரசாங்கமே நோயாளியாகவும் காணத் தொடங்கியது. எனினும் அங்குச் சென்றவர் பெரும்பாலும் முதியோர். இளைஞரின் சிக்கல் வேறொரு வடிவில் வந்துகொண்டிருந்தது.

மாணவர் சிக்கிய காலம்

1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும், மேலைநாட்டு இளைஞரிடையே பரவிய கஞ்சா, மாத்திரைப் பழக்கங்கள் சிங்கப்பூருக்கும் வந்தன. 'எம்எக்ஸ்' என்று இளைஞர் அழைத்த மயக்க மாத்திரைகள் மாணவரிடமும் இளந்தொழிலாளரிடமும் பரவின. 1971 நவம்பரில் மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவு அமைக்கப்பட்டது. 1972இல் 'சானா' எனப்படும் சிங்கப்பூர் போதைப்பொருள் எதிர்ப்புச் சங்கம் தோன்றியது. 1973இல் போதைப்பொருள் தவறான பயன்பாட்டுச் சட்டம் வந்தது.

பின்னர் வந்தது ஹெராயின். 1972இல் ஹெராயின் உட்கொண்டதற்காகக் கைதானவர் நால்வர் மட்டுமே. 1974இல் அது 110 ஆனது. 1975இல் 2,263! மூன்றே ஆண்டுகளில் நேர்ந்த இவ்வளர்ச்சியைக் கண்டு நாடே அதிர்ந்தது. 1977 ஏப்ரல் முதல் நாளன்று தொடங்கிய 'ஆப்பரேஷன் ஃபெரட்' என்னும் தீவு தழுவிய நடவடிக்கையில் ஆயிரக்கணக்கானோர் பிடிபட்டுச் சிறுநீர்ப் பரிசோதனைக்கு உட்படுத்தப்பட்டனர். பழக்கத்திற்கு ஆளானோர் போதைப்பொருள் மறுவாழ்வு நிலையங்களுக்கு அனுப்பப்பட்டனர்.

சட்டம் கடுமையானது, பரவல் கட்டுக்குள் வந்தது. அதே வேளையில், நிலையத்திலிருந்து வெளிவந்தவரைத் தேடிச் சென்று பேசி, வேலை தேடித் தந்து, துணை நின்றவர்கள் சானாவின் தொண்டூழியர்கள். வள்ளுவரின் நான்காம் உறுப்பு, அதாவது அருகிருந்து பேணுபவர், இந்நாட்டு வரலாற்றில் அமைப்பாக உருப்பெற்றது அவர்கள் வழியாகவே என்பது என் கருத்து. பிற்காலத்தில் நம் இந்தியச் சமூகத்தினர்க்காக இந்து அறக்கட்டளை வாரியம் நடத்திவந்த 'ஆசிரமம்' என்னும் மறுவாழ்வு இல்லத்தையும் இவ்வரிசையில் நன்றியோடு நினைக்கவேண்டும்.

குடிகாரனா, குடிநோயாளியா?

போதைப்பொருளுக்கு இவ்வளவு நடந்தும், மதுவை நாம் நோயாக எண்ணத் தாமதித்தோம். உலகளவில் அவ்வெண்ணம் வளர்ந்த விதத்தைப் பார்ப்போம்.

1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், குடியால் வீழ்ந்த இருவர் சந்தித்து ஒருவருக்கொருவர் துணையாயினர்; அதிலிருந்து 'ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்' என்னும் தோழமை பிறந்தது. அவ்விருவரில் ஒருவர் மருத்துவர் என்பது கருதத்தக்கது. 1940களின் இறுதியில் டென்மார்க்கில், மது அருந்தினால் உடலுக்கு ஒவ்வாமை தரும் டைசல்பிராம் என்னும் மருந்தின் பயன் அறியப்பட்டது. 1956இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் குடிப்பழக்க அடிமை நிலையை நோய் என்று அறிவித்தது. மது நாட்டத்தைத் தணிக்கும் நால்ட்ரெக்சோன் 1994இல் அந்நாட்டில் இதற்கென ஒப்புதல் பெற்றது. ஆக, மூன்றாம் உறுப்பான மருந்தும் கிடைத்தது.

நம் தாய்த்தமிழகத்தில் இவ்வெண்ணத்தை ஊன்றியவர் சாந்தி ரங்கநாதன் அவர்கள். தம் கணவரைக் குடிநோய்க்கு 1979இல் பறிகொடுத்த அவர், மறு ஆண்டே, 1980இல், கணவர் பெயரால் சென்னையில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையை நிறுவினார். டிடிகே மருத்துவமனை என்று மக்கள் அழைப்பது இதனைத்தான். நோயாளியோடு குடும்பத்தார்க்கும் சேர்த்தே ஆலோசனை வழங்குவது அங்குள்ள முறை. இப்பணிக்காக 1992இல் பத்மஶ்ரீ விருது பெற்றார். அச்சாம்பலிலிருந்து அவர் எழுப்பிய அந்நிலையம் எத்தனையோ குடும்பங்களைக் காத்தது.

தமிழகத்தில் இத்துறையில் பணிபுரிவோர் 'குடிநோயாளி' என்னும் சொல்லைப் பயன்படுத்துகின்றனர். தமிழாசிரியர் என்னும் முறையில் இச்சொல் என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. 'குடிகாரன்' என்றால் அவ்விடத்திலேயே பேச்சு முடிந்துவிடுகிறது. 'குடிநோயாளி' என்றால் "மருத்துவர் யார்?" என்னும் அடுத்த கேள்வி தானே எழுகிறது. வகுப்பில் நாம் கற்பிக்கும் சொல்லே பிள்ளைகள் நாளை தம் நண்பனைப் பார்க்கும் கண்ணாகிறது.

கல்லூரி வளாகத்திற்குள் வந்த உதவி

மாணவர்க்கெனத் தனி உதவி தேவை என்னும் எண்ணம் அமெரிக்காவில் 1977இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ரட்கர்ஸ் பல்கலைக்கழகம் 1983இல் மாணவர்க்கான மது, போதைப்பொருள் ஆலோசனைத் திட்டத்தை ஏற்படுத்தியது; 1988இல், குடியை விட்டு மீளும் மாணவர்க்கென வளாகத்திலேயே தனி விடுதியையும் அமைத்தது. காரணம் எளிது. சிகிச்சை முடிந்து திரும்பும் மாணவன், பழைய நண்பரும் பழைய விருந்துகளும் நிறைந்த அதே விடுதிக்குத்தான் திரும்பவேண்டியிருந்தது. சூழல் மாறாமல் பழக்கம் மட்டும் மாறுவது கடினம் என்பதை அவர்கள் கண்டுகொண்டனர்.

மற்றொரு முன்னேற்றமும் அக்காலத்தில் நிகழ்ந்தது. உலகச் சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் ஆய்ந்து, 'ஆடிட்' என்னும் பத்துக் கேள்விகள் கொண்ட பட்டியலை 1989இல் வெளியிட்டது. எத்தனை முறை குடிக்கிறீர், ஒருமுறைக்கு எவ்வளவு, தொடங்கினால் நிறுத்த முடிகிறதா, குடித்தபோது நடந்தது மறுநாள் மறந்துபோகிறதா என்பன போன்ற கேள்விகள் அவை. முற்றிய நிலைக்குச் செல்லுமுன், மாணவப் பருவத்திலேயே ஆபத்தை அறிய இவை பயன்படுகின்றன.

வுட்பிரிட்ஜ் என்னும் பெயர்

சிங்கப்பூரில் மனநல மருத்துவமனை 1928இல் இயோ சூ காங்கில் தொடங்கப்பெற்றது. 1951இல் வுட்பிரிட்ஜ் என்று பெயர் பெற்றது. அப்பெயரைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டிய காலத்தை நம்மில் பலர் அறிவோம். 1993இல் புவாங்கோக்கில் புதிய வளாகத்தோடு மனநலக் கழகமாக அது வளர்ந்தது. அங்கே 2001இல் சமூக அளவிலான போதைப்பழக்கச் சிகிச்சைத் திட்டம் தொடங்கி, 2008இல் தேசிய போதைப்பழக்க நிர்வாகச் சேவை என்னும் பெயரைப் பெற்றது. மது, போதைப்பொருள், சூதாட்டம் ஆகியவற்றுக்கு அங்குச் சிகிச்சை உண்டு. கள்ளுண்ணாமை, சூது, மருந்து என்னும் மூன்று அதிகாரங்களும் ஒரே கூரையின்கீழ்!

இனி, லிட்டில் இந்தியாவுக்கு வருவோம். 2013 டிசம்பர் 8ஆம் நாள் இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையில் தமிழகத் தொழிலாளர் ஒருவர் பேருந்தில் சிக்கி உயிரிழந்ததை அடுத்துக் கலவரம் மூண்டது. விசாரணைக் குழு, மதுவும் அதற்குத் துணைபோன காரணங்களுள் ஒன்று என்று 2014இல் கூறியது. 2015 ஏப்ரல் முதல் நாளன்று மது விநியோக, அருந்துதல் கட்டுப்பாட்டுச் சட்டம் நடப்புக்கு வந்தது. இரவு 10.30 முதல் காலை 7 மணிவரை பொது இடங்களில் மது அருந்துதல் தடை செய்யப்பட்டது. லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் கூடுதல் கட்டுப்பாடுள்ள வட்டாரங்களாயின.

சிராங்கூன் சாலை அமைதியானது உண்மை. ஆனால் சட்டம் இடத்தையும் நேரத்தையும் ஒழுங்குபடுத்தும். பூட்டிய அறைக்குள் குடிக்கும் பத்தொன்பது வயது மாணவனை அது எட்டாது. அவனைக் காண்பவர் வீட்டாரும் ஆசிரியருமே.

ஒரு தாயின் கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன், தொடக்கப்பள்ளியில் என்னிடம் பயின்று, பின்னர்ப் பலதுறைத் தொழிற்கல்லூரியில் சேர்ந்த மாணவன் ஒருவனின் தாயார் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். "டீச்சர், பையன் தினமும் குடிக்கிறான். வெளியே சொன்னா மானம் போயிடும். யார்கிட்டப் போறதுன்னே தெரியல" என்றார். உறவினர் சிலர் பையனை அறையில் பூட்டிவைக்கச் சொன்னார்களாம். மருத்துவரிடம் கேட்டபின் முடிவு செய்வோம் என்று சொல்லி, அவருடன் நானும் சென்றேன். அம்மாணவன் உடனே மாறிவிடவில்லை. இடையில் இருமுறை சிகிச்சையை விட்டான், மீண்டும் வந்தான். ஓராண்டு தாழ்ந்து படிப்பை முடித்தான். இன்று வேலையில் இருக்கிறான். மருத்துவச் சந்திப்புகளுக்கு இப்போதும் செல்கிறான்.

அத்தாயாரைப் போன்ற பிறர்க்குப் பயன்படுமென்று, நான் அறிந்தவற்றை இங்கே தொகுத்துத் தருகிறேன்:

1. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். எனவே, பூட்டிவைத்து நிறுத்த முயலாதீர்கள். மருத்துவரின் மேற்பார்வை கட்டாயம் தேவை.

2. பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் மாணவர்க்கு ஆலோசகர்கள் உள்ளனர். பெரும்பாலும் முதற்கதவு அதுவே. பலதுறை மருந்தகத்திலோ குடும்ப மருத்துவரிடமோ தொடங்கலாம். தேசிய போதைப்பழக்க நிர்வாகச் சேவையின் உதவித் தொலைபேசி எண் 6732 6837. லிட்டில் இந்தியாவை அடுத்த பீட்டி சாலையில் உள்ள சிண்டா, குடும்பங்களுக்கான ஆதரவுச் சேவைகளை வழங்குகிறது.

3. பதினெட்டு வயது நிறைந்தவர் மது அருந்துவது குற்றமன்று; ஆகவே, மதுவுக்காகச் சிகிச்சை நாடுவதில் சட்டம் குறித்த அச்சம் தேவையில்லை. போதைப்பொருளின் நிலை வேறு. தம்மிடம் வருபவர் போதைப்பொருளுக்கு அடிமையானவர் என்று கருதும் மருத்துவர் அதனை அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது விதி. இதனைப் பெற்றோர் முன்னரே அறிந்திருத்தல் நன்று. அறிந்த பின்னும் தயங்காதீர்கள். பழக்கம் முற்றிப் பிடிபடுவதைவிட, முன்வந்து உதவி கேட்பதே பிள்ளைக்கு நன்மை பயக்கும்.

4. புதிய வடிவங்களையும் கவனியுங்கள். மின்சிகரெட்டில் கலந்து விற்கப்பட்ட எட்டோமிடேட் என்னும் மயக்க மருந்து 2025 செப்டம்பர் முதல் நாளன்று போதைப்பொருள் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 1970களின் எம்எக்ஸ் மாத்திரையும் மருந்தாகப் பிறந்து இளைஞர் கையில் போதையானதுதான் என்பதை வரலாறு படித்தோர் எளிதில் உணர்வர்.

5. மீண்டும் ஒருமுறை குடித்துவிட்டால் எல்லாம் பாழாயிற்று என்று எண்ணவேண்டா. நீரிழிவு நோயாளிக்குச் சர்க்கரை அளவு ஏறினால் நாம் சிகிச்சையை நிறுத்துவதில்லை அன்றோ?

1933இல் சென் சு லான் கதவைத் திறந்தபோது, அரசாங்கமே எதிர்ப்பக்கத்தில் வணிகம் செய்துகொண்டிருந்தது. இன்று நோயை நோயாக ஏற்கும் அறிவு உண்டு, மருத்துவர் உண்டு, மருந்து உண்டு. நான்காம் உறுப்பை மட்டும் எந்த அரசாங்கமும் முழுமையாக அமைத்துத் தர இயலாது. அது வீட்டிலும் வகுப்பறையிலும் உள்ள நம் பொறுப்பு. அடுத்தமுறை கள்ளுண்ணாமை அதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரிய நண்பர்கள், அதே பாடவேளையில் பத்து நிமிடங்களேனும் மருந்து அதிகாரத்திற்கும் ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். உதவி எண்ணைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி வையுங்கள். யாருக்காக என்று சொல்லவேண்டா, தேவைப்படுபவர் குறித்துக்கொள்வார்.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்